பழைய அமெரிக்க ரயில்காரர்களின் பேச்சு, கேலி, கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு சின்ன ரயில் அருங்காட்சியகத்தில் வார இறுதிகளில் வழிகாட்டியாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்வது. இங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் எஞ்சினைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்ப்படியே விட்டுவிட்டேன்.

"பழைய காலம், பழைய காலம்"னு சொல்றீங்களே, அது எந்தக் காலம்?

உள்நாட்டுப் போர் முடிந்த 1865-க்குப் பிறகு, நீராவி எஞ்சின்கள் ஓய்ந்த 1950-கள் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகளில் நீராவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன். அதுவும் 1960-ல் விட்டுவிட்டது.

இந்தியா மாதிரி ஒரே ரயில்வே என்று இங்கே எப்போதும் இருந்ததில்லை. நூற்றுக்கணக்கான தனியார் கம்பெனிகள். அதனால் ஒரே பொருளுக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர், மாநிலத்துக்கு ஒரு பெயர் என்று இருக்கும். ஊர் ஊராக மாறி மாறி வேலை பார்த்தவர்கள்தான் இந்தப் பேச்சை நாடு முழுக்கப் பரப்பினார்கள். அவர்களைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி வருகிறது.

இங்கே டிரைவரை "எஞ்சினியர்"னு சொல்றாங்களே, அவர் பி.இ. படிச்சவரா?

இல்லை, எஞ்சின் ஓட்டுபவர்தான். பெரும்பாலும் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப்போட்டு, பல வருஷம் கழித்து வலப்பக்க இருக்கைக்கு மாறியவர். நம்மூர் கார்டு இங்கே கண்டக்டர். ஆனால் நம்மூர் பஸ் கண்டக்டரை நினைத்துவிடாதீர்கள், வண்டிக்குப் பொறுப்பாளியே அவர்தான். எப்போது கிளம்புவது, எங்கே பெட்டியைக் கழற்றுவது என்பதெல்லாம் அவர் முடிவு. பிரேக்மேன், யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஸ்விட்ச்மேன், ஸ்டேஷனில் தந்திக்காரர், தண்டவாளத்தில் கேங் ஆட்கள் என்று மற்றவர்கள்.

இந்த வரிசை தெரியாமல் இவர்கள் கேலி புரியாது. கண்டக்டருக்கு "பிரெய்ன்ஸ்", அதாவது மூளை, என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பாராட்டு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

டிரைவருக்குப் போய் "பன்னித்தலை"ன்னா பேர் வெச்சாங்க?

ஆமாம், ஹாக்ஹெட். சுருக்கமாக ஹாகர். பாரமான சரக்கு வண்டிகளை இழுத்த பெரிய எஞ்சின்களுக்கு "ஹாக்", அதாவது பன்றி, என்று பெயர். கரியை வாரி வாரித் தின்னும், மெதுவாகத்தான் நகரும். அதை ஓட்டியவர் ஹாக்ஹெட் ஆகிவிட்டார். யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, தங்களையே அப்படிச் சொல்லிக்கொண்டார்கள்.

இதிலிருந்து வந்ததுதான் "ஹாக் லா". 1907-ல் வந்த ஒரு மத்திய அரசுச் சட்டம், ரயில் ஓட்டும் ஆட்களைத் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அதற்கு முன்னால் முழுநாள் தாண்டியும் தூங்காமல் ஓட்டியிருக்கிறார்கள். நேரம் முடிந்துவிட்டால் நடுக்காட்டில் என்றாலும் வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான். அந்த வண்டியை எடுத்துவர அனுப்பப்படும் மாற்று ஆட்களுக்கு "டாக் கேச்சர்", நாய் பிடிப்பவர்கள் என்று பெயர். இப்போது வரம்பு 12 மணி நேரம், ஆனால் பெயர் மாறவில்லை.

அப்போ ஃபயர்மேனுக்கு என்ன பேரு?

நிறைய. சாம்பல் பூனை, வெந்த தலை, வைரம் தள்ளுபவன் (நிலக்கரிதான் கறுப்பு வைரம்). ஆனால் பழையது "டாலோபாட்", கொழுப்புச் சட்டி. ஆரம்பகால எஞ்சின்களில் சிலிண்டருக்கு மாட்டுக்கொழுப்பை உருக்கி ஊற்றுவார்கள். ஃபயர்மேன் கையில் சட்டியோடு, பாய்லர் ஓரமாக இருக்கும் குறுகலான பலகையில் நடந்துபோய் ஊற்றிவிட்டு வர வேண்டும்.

இந்த வேலையை ஒழித்துக்கட்டியவர்களில் ஒருவர் எலைஜா மக்காய். அடிமை வாழ்விலிருந்து தப்பிக் கனடா போன பெற்றோரின் மகன். ஸ்காட்லாந்தில் எஞ்சினியரிங் படித்தவர். அமெரிக்காவில் ஒரு கறுப்பருக்குக் கிடைத்தது ஃபயர்மேன் வேலைதான். 1872-ல், ஓடும்போதே தானாக எண்ணெய் விடும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். "அசல் சரக்கு" என்ற பொருளில் இங்கே சொல்லும் "தி ரியல் மக்காய்" இவர் பெயரிலிருந்து வந்தது என்று பல அருங்காட்சியகங்களில் சொல்வார்கள். அந்தத் தொடர் ஸ்காட்லாந்தில் வேறு எழுத்தில் 1850-களிலேயே புழங்கியது. மக்காயின் பெருமைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

விரல் இல்லாதவனுக்குத்தான் வேலை குடுப்பாங்களாமே, உண்மையா?

அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் கதைக்கு அடியில் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்தில் பெட்டிகளை இணைத்தது "லிங்க் அண்ட் பின்": ஒரு இரும்பு வளையம், ஒரு முளை. இரண்டு பெட்டிகள் மோதும் அந்த நொடியில் நடுவே நின்று, வளையத்தைக் கையால் பிடித்து உள்ளே விட்டு, முளையைப் போட வேண்டும். தவறினால் விரல், சில சமயம் கை, சில சமயம் ஆளே. அதனால் ஒருவன் அனுபவசாலியா என்று பார்க்க மேஸ்திரி "கையைக் காட்டு" என்பாராம். பத்து விரலும் இருந்தால் புதுப்பயல்.

பிரேக் போடுவதும் இதே லட்சணம்தான். ஒவ்வொரு பெட்டியின் கூரையிலும் ஒரு சக்கரம் இருக்கும். பனியோ மழையோ, ஓடும் வண்டியின் மேல் பெட்டிக்குப் பெட்டி தாவிப் போய், ஒரு தடியைச் செருகி அதை முறுக்க வேண்டும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1869-ல். ஈலை ஜானி தானாக மாட்டிக்கொள்ளும் இணைப்பைக் கொண்டுவந்தது 1873-ல். ஆனால் கம்பெனிகள் செலவுக்குப் பயந்து இழுத்தடித்தன. அயோவாவைச் சேர்ந்த லாரன்சோ காஃபின் என்பவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசி, எழுதி, மன்றாடி, கடைசியில் 1893-ல்தான் இரண்டும் கட்டாயம் என்று சட்டம் வந்தது. "வேலையை விட்டேன்" என்பதற்கு இன்றைக்கும் இங்கே ரயில்காரர்கள் "முளையைப் பிடுங்கிவிட்டேன்" என்பார்கள். முளை போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வண்டிக்குக் கடைசியில இருக்கிற சிவப்புப் பெட்டிக்கு என்ன பேரு? அதை ஏன் எடுத்துட்டாங்க?

கபூஸ். நம்மூர் பிரேக் வேன் போல, ஆனால் அடுப்பு, படுக்கை, மேலே எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடிக் கூண்டு என்று குட்டி வீடு. குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை செய்தவர்கள் வைத்த பெயர்கள் அத்தனை அழகில்லை: "கிரம்மி" (அழுக்குக் கூடம்), "நாய் வீடு", "பேன் கூண்டு". பேன் நிஜமாகவே இருந்திருக்கும்.

1980-களில் வண்டியின் வாலில் ஒரு சின்னக் கருவியை மாட்டி, கபூஸை எடுத்துவிட்டார்கள். சிவப்பு விளக்கு மின்னும், பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை ரேடியோவில் எஞ்சினுக்குச் சொல்லும். அதன் ஆங்கிலப் பெயர் "ஃப்ளாஷிங் ரியர் எண்ட் டிவைஸ்", முதலெழுத்துகளைச் சேர்த்தால் "ஃப்ரெட்". அதில் வரும் "ஃப்" எதைக் குறிக்கிறது என்று வேலையிழந்த பிரேக்மேன்களைக் கேட்டால் வேறு விளக்கம் கிடைக்கும், இங்கே அச்சிட முடியாது.

"ஹைபால்"னா சரக்கு இல்லையா?

அந்தப் பெயரில் ஒரு விஸ்கி பானமும் இருக்கிறது. ரயிலில் ஹைபால் என்றால் "வழி விட்டாச்சு, போகலாம்". கைகாட்டி மரங்கள் வருவதற்கு முன் சில இடங்களில் ஒரு கம்பத்தில் பெரிய பந்தைக் கயிறு கட்டி ஏற்றி இறக்குவார்கள். பந்து உச்சியில் இருந்தால் போகலாம். நியூ ஹாம்ப்ஷயரில் வைட்ஃபீல்ட் என்ற ஊரில் அப்படி ஒரு பந்துக் கம்பம் இன்னும் நிற்கிறது. பிறகு வேகமாகப் போவதற்கும் அதே சொல் வந்துவிட்டது. இன்றும் ரேடியோவில் "ஹைபால்" என்று சொல்லித்தான் பலர் வண்டியை எடுக்கிறார்கள்.

ரேடியோ இல்லாத காலத்துல ஒரு மைல் நீள வண்டியில எப்படிப் பேசிக்கிட்டாங்க?

பகலில் கை, இரவில் லாந்தர், எல்லா நேரமும் விசில். லாந்தரை மேலும் கீழும் ஆட்டினால் கிளம்பு. பாதைக்குக் குறுக்கே ஆட்டினால் நில். இரண்டு கையையும் பேய் பிடித்த மாதிரி வீசினால் "வாஷ்அவுட்": யோசிக்காதே, உடனே நிறுத்து.

எனக்குப் பிடித்தது மூக்கைப் பிடிக்கும் சைகை. சக்கர அச்சு உட்காரும் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சுக்கழிவை அடைத்திருப்பார்கள். எண்ணெய் வற்றினால் அச்சு சூடேறி, பஞ்சு புகைந்து நாறும். கவனிக்காவிட்டால் அச்சு முறிந்து வண்டி கவிழும். அதற்கு "ஹாட்பாக்ஸ்" என்று பெயர். எதிர் வண்டியில் அதைப் பார்த்த ஆள், கடந்து போகும்போது தன் மூக்கைப் பிடித்துக் காட்டி, பெட்டியை நோக்கிக் கையை நீட்டுவான். கோமாளித்தனம் போலத் தெரியும், உயிர் காக்கும் சேதி அது.

தந்திக்காரங்களும் இந்தக் கூட்டத்துல சேர்த்தியா?

சேர்த்திதான், ஆனால் கொஞ்சம் தனி ஜாதி. கை அழுக்காகாத வேலை என்று மற்றவர்களுக்கு எரிச்சல். "பித்தளை தட்டுபவன்", "மின்னலை வீசுபவன்" என்று கிண்டல். மெல்லிய தாளில் அவர்கள் எழுதித்தரும் உத்தரவு "ஃப்ளிம்சி". எந்த வண்டி எங்கே ஒதுங்க வேண்டும் என்பதே அதில்தான் இருக்கும். 31 எண் படிவம் என்றால் வண்டியை நிறுத்திக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். 19 என்றால் ஓடுகிற வண்டிக்கே வளையத்தில் மாட்டி நீட்டலாம். நம்மூர் ஒற்றைப் பாதையில் டோக்கன் வளையம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வண்டிகளின் போக்கை முடிவுசெய்து எல்லாரையும் கட்டி மேய்த்த டிஸ்பேச்சருக்கு வைத்த பெயர் "வண்டி தாமதப்படுத்துபவர்".

தாமஸ் எடிசனும் இந்த வேலை பார்த்தவர்தான். 1863-ல், கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில், பதினாறு வயசில் இரவு ஷிஃப்ட். விழித்திருக்கிறாரா என்று பார்க்க மணிக்கொரு தரம் "6" என்ற குறியீட்டை அனுப்ப வேண்டும். கடிகாரத்தோடு ஒரு பல்சக்கரத்தைப் பொருத்தி, அதுவே "6" அனுப்பும்படி செய்துவிட்டு அவர் தூங்கிவிட்டார். வேலைக்கு மட்டம் போடுவதிலும் மேதைதான்.

"காண்டி டான்சர்"னா நடனக்காரங்களா?

தண்டவாளத்தை நேராக்கும் கேங் ஆட்கள். வண்டிகள் ஓட ஓடத் தண்டவாளம் கோணலாகும். ஏழெட்டுப் பேர் கடப்பாரையைத் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்து, ஒரே நேரத்தில் நெம்பினால்தான் அது ஒரு விரற்கடையாவது நகரும். ஒருவர் முந்தினாலும் பயனில்லை. அதனால் ஒருவர் பாட, மற்றவர்கள் கடப்பாரையைத் தண்டவாளத்தில் தட்டித் தாளம் போட்டு, குறிப்பிட்ட அடியில் சேர்ந்து நெம்புவார்கள். வலைக்காரர்களின் ஏலேலோ கேட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

தெற்கு மாநிலங்களில் இந்த வேலை பெரும்பாலும் கறுப்பர்களுடையது. பாடுபவருக்கு "காலர்" என்று பெயர். நல்ல காலர் இருந்தால் கேங்குக்குக் களைப்பு தெரியாது. பைபிள் வரியும் வரும், பச்சையான வரியும் வரும், யார் அருகில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து. வெள்ளைக்கார மேஸ்திரியை, அவர் "கேப்டன்", எதிரில் நிற்கும்போதே பாட்டில் வைத்துக் கிண்டலடிப்பதும் உண்டு. பேசினால் வேலை போகும், பாடினால் போகாது. அலபாமாவைச் சேர்ந்த இரண்டு பழைய காலர்கள், ஜான் மீலிங், கார்னீலியஸ் ரைட், 1996-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றார்கள். அதற்குள் அந்த வேலையை மெஷின்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

"காண்டி" எங்கிருந்து வந்தது? ஷிகாகோவில் அந்தப் பெயரில் ஒரு கருவிக் கம்பெனி இருந்தது என்று எல்லாரும் எழுதுவார்கள். தேடிப் பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

ஊர் ஊரா மாறி வேலை பார்த்தவங்கன்னு சொன்னீங்களே, அவங்களும் ஓசியில ரயில் ஏறித் திரியிற ஹோபோவும் ஒண்ணா?

இல்லை. ஹோபோ ரயிலில் ஒளிந்து போகிறவர். நான் சொன்னவர் "பூமர்": தொழில் தெரிந்த ரயில்காரர், ஆனால் ஓரிடத்தில் தரிக்க மாட்டார். அறுவடைக் காலத்தில் கோதுமை ஏற்றும் கம்பெனி, பழக் காலத்தில் கலிபோர்னியா என்று வேலை இருக்கும் இடத்துக்குப் போவார். ஒரே கம்பெனியில் ஓய்வு பெறும்வரை இருப்பவரை "ஹோம் கார்ட்" என்று இளக்காரமாகச் சொல்வார். ஹோம் கார்டுக்கோ பூமரைக் கண்டால் பொறாமை பாதி, பயம் பாதி. கதை, பாட்டு, புதுச் சொல், சங்கச் செய்தி எல்லாம் பூமர் வாய் வழியாகத்தான் வந்தது.

எல்லாரும் ஆசைப்பட்டு அலைந்தவர்கள் அல்ல. 1894-ல் புல்மன் (ரயில் படுக்கைப் பெட்டிக் கம்பெனி) வேலைநிறுத்தம் தோற்றபின், அதில் சேர்ந்த பலருக்கு எந்தக் கம்பெனியும் வேலை தரவில்லை. கறுப்புப் பட்டியல் நிஜம். பெயரை மாற்றிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள் உண்டு. அதற்குக் "கொடியின் கீழ் வேலை பார்ப்பது" என்று பெயர்.

இதிலிருந்து பிறந்த கதைதான் கொக்குக் கதை. வேலையை விட்டுப் போகிறவருக்குக் கம்பெனி ஒரு சான்றுக் கடிதம் தரும். "நன்றாக வேலை பார்த்தார், தானாக விலகினார்" என்று இனிமையாக எழுதியிருக்கும். ஆனால் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் வாட்டர்மார்க்கில் ஒரு கொக்கு தெரியுமாம். நிமிர்ந்து நின்றால் நல்லவர். கழுத்து முறிந்து தொங்கினால் வேலைநிறுத்தக்காரர், சேர்க்காதே. கொக்கு படம் போட்ட தாள் ஒன்று அப்போது சந்தையில் இருந்தது என்பது உண்மை. கழுத்து முறிந்த கொக்குக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருத்து. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சிரித்துக்கொண்டே கடிதம் கொடுத்துவிட்டு முதுகில் குத்தும் முதலாளியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மேலதிகாரிகளைக் கிண்டல் பண்ண மாட்டாங்களா?

அதுதானே பாதிப் பேச்சு! அதிகாரி "பித்தளைத் தொப்பி". விசாரணைக்குக் கூப்பிட்டால் "கம்பளத்தில் ஆடப் போகிறேன்", ஏனென்றால் கம்பளம் விரித்த அறை அவருடையது மட்டும்தான். ரயில்வே போலீஸ் "காளை". குடிக்கக் கூடாது என்ற விதிக்கு விதிப்புத்தகத்தில் எழுத்து "ஜி". அதனால் ஒருவன் "ரூல் ஜி"யில் போனான் என்றால் போதும், மீதியைக் கேட்கத் தேவையில்லை.

"பிரவுனி" என்று ஒன்று உண்டு, கேக் அல்ல. ஃபால் புரூக் ரயில்வேயின் மேலாளர் ஜார்ஜ் பிரவுன், சம்பளமில்லாமல் சஸ்பெண்ட் செய்வதற்குப் பதிலாகத் தப்புக்கு இத்தனை மார்க் என்று பேரேட்டில் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். பல கம்பெனிகளில் 60 சேர்ந்தால் வீட்டுக்கு. குடும்பத்துக்குச் சம்பளம் நிற்காது என்பதால் இது நல்ல முறைதான். நல்லது செய்தவர் பெயர் திட்டாக நிலைத்ததுதான் மிச்சம்.

புதுசா சேர்ந்தவங்களை ராகிங் பண்ணுவாங்களா?

உண்டு. சிவப்பு லாந்தருக்குச் சிவப்பு எண்ணெய், பச்சைக்குப் பச்சை எண்ணெய் வாங்கி வரச்சொல்லி ஸ்டோருக்கு அனுப்புவார்கள். நிறம் கண்ணாடியில்தான் இருக்கிறது என்பது பையனுக்குத் தெரியாது. ஸ்டோர்காரர் முகத்தை மாற்றாமல் "தீர்ந்துபோச்சு, அடுத்த ஷெட்டில் கேள்" என்பார். ஒரு வாளி நீராவி, இடதுகை ஸ்பானர் எல்லாம் இதே ரகம்.

விபத்துல செத்தவங்களை வெச்சுக்கூட ஜோக் அடிச்சாங்களாமே, மனசு எப்படி வந்துது?

நேருக்கு நேர் மோதலுக்கு "சோளக்கொல்லைச் சந்திப்பு" என்று பெயர். மோதப் போகிறது என்று தெரிந்து குதிப்பது "பறவைகளோடு சேர்வது". அவசர பிரேக் போட்டால் "கடிகாரத்தைத் துடைத்துவிட்டான்", காற்றழுத்த முள் பூஜ்யத்துக்கு வந்துவிடுவதால். விரல் கேள்வியில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு நமக்கும் நேரலாம் என்று தினமும் தெரிந்தவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? வெளியாள் இதே வார்த்தையில் ஜோக்கடித்தால் அடி விழுந்திருக்கும்.

மனசைப் பற்றிக் கேட்பதென்றால் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். 1896 செப்டம்பர் 15 அன்று டெக்சாஸில், வில்லியம் க்ரஷ் என்ற ரயில்வே அதிகாரி இரண்டு எஞ்சின்களை வேண்டுமென்றே மோதவிட்டு வேடிக்கை காட்டினார். சுமார் 40,000 பேர் கூடினார்கள். பாய்லர்கள் வெடித்து இரும்புத் துண்டுகள் பறந்ததில் பார்வையாளர்கள் செத்தார்கள். அவரை வேலையிலிருந்து நீக்கிய கம்பெனி, கொஞ்ச நாளில் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

கேசி ஜோன்ஸ் நிஜ ஆளா? ஹீரோவா, இல்லை அவர் தப்பாலதான் விபத்தா?

நிஜ ஆள். ஜான் லூதர் ஜோன்ஸ். கென்டக்கியில் கேசி என்ற ஊர்ப்பக்கம் வளர்ந்ததால் அந்தப் பெயர். இல்லினாய் சென்ட்ரல் கம்பெனியில் எஞ்சினியர். விசிலை இழுத்து இழுத்துக் குயில் மாதிரி ஊதுவார், படுத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கே "கேசி போகிறான்" என்று தெரியும். 1900 ஏப்ரல் 30 விடியற்காலை, தாமதமாகக் கிளம்பிய பயணிகள் வண்டியை மெம்ஃபிஸிலிருந்து கேன்டனுக்கு விரட்டிக்கொண்டு போனார். நேரத்தை ஏறக்குறைய பிடித்தும்விட்டார். மிசிசிப்பியில் வான் என்ற ஸ்டேஷனில், ஒதுங்க இடம் போதாத சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டிகள் பிரதான பாதையிலேயே நின்றிருந்தன. ஃபயர்மேன் சிம் வெப் குதித்துப் பிழைத்தார். ஜோன்ஸ் குதிக்காமல் பிரேக்கைப் பிடித்திருந்தார். மோதலில் இறந்தது அவர் ஒருவர் மட்டும்.

கம்பெனி விசாரணை, கொடிக்காரரின் எச்சரிக்கையை ஜோன்ஸ் மதிக்கவில்லை என்றது. சிம் வெப் பிற்காலத்தில் அதை ஒத்துக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால் இரண்டும் சேர்ந்ததுதான் அவர்: வேகம் அவருடைய தவறு, கடைசி நொடிகளில் இருக்கையை விடாதது அவருடைய தைரியம். சக ரயில்காரர்கள் இரண்டையும் தெரிந்தே கொண்டாடினார்கள்.

அவரைப் பற்றிய பிரபலமான பாட்டைக் கட்டியது வாலஸ் சாண்டர்ஸ் என்ற கறுப்பர், கேன்டன் ஷெட்டில் எஞ்சின் துடைப்பவர், கேசியின் நண்பர். அதிலிருந்து அவருக்குப் பணம் எதுவும் வரவில்லை. மேடைப் பாடகர்கள் 1909-ல் அதை மாற்றி அச்சிட்டு, பிள்ளைகளுக்கு வேறொரு அப்பா இருக்கிறார் என்று விதவை சொல்வதாக ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். கேசியின் மனைவி ஜேனி ஜோன்ஸ் 1958-ல் இறக்கும்வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்த வரியை எதிர்த்துக்கொண்டே இருந்தார்.

ஜான் ஹென்றி? அவரும் நிஜமா?

இங்கே தரை அவ்வளவு கெட்டியில்லை. பாறையில் துளைபோடும் நீராவி மெஷினோடு சுத்தியலால் போட்டியிட்டு ஜெயித்து, சுத்தியலோடு செத்துப்போன கறுப்புத் தொழிலாளி என்பது கதை. மேற்கு வர்ஜீனியாவில் 1870-களின் தொடக்கத்தில் குடைந்த பிக் பெண்ட் சுரங்கம்தான் அந்த இடம் என்பது பரவலான நம்பிக்கை, அங்கே சிலையும் இருக்கிறது. அலபாமாவில் ஒரு சுரங்கமும் உரிமை கொண்டாடுகிறது. வரலாற்றாசிரியர் ஸ்காட் நெல்சன், வர்ஜீனியா சிறையிலிருந்து கம்பெனிக்கு வாடகைக்கு விடப்பட்ட ஓர் இளைஞர்தான் அவர் என்றும், லூயிஸ் சுரங்கத்தில் நடந்தது என்றும் வாதிடுகிறார்.

ஆள் யாராக இருந்தாலும், அந்தச் சுரங்கங்களில் பாறைத்தூள் நுரையீரலில் படிந்து செத்தவர்கள் நிஜம். கதையில் நெஞ்சு வெடித்து ஒரே நாளில் சாகிறார். தூள் கொன்றது மெதுவாக.

பேய்க் கதை ஒண்ணு சொல்லுங்களேன்.

இரண்டு சொல்கிறேன். வட கரோலினாவில் மேக்கோ என்ற இடத்தில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டு வரும். 1867-ல் கழன்றுபோன பெட்டியில் நின்று, பின்னால் வந்த வண்டியை எச்சரிக்க லாந்தர் ஆட்டிய ஜோ பால்ட்வின் என்ற கண்டக்டர், மோதலில் தலை துண்டாகி, தலையைத் தேடுகிறாராம். பழைய பத்திரிகைகளில் கிடைப்பது 1856-ல் இறந்த சார்லஸ் பால்ட்வின். 1977-ல் தண்டவாளத்தைப் பெயர்த்தபின் வெளிச்சம் வரவில்லை என்கிறார்கள்.

இன்னொன்று நியூயார்க் மாநிலத்தில். சுடப்பட்ட ஆபிரகாம் லிங்கனின் உடலை 1865-ல் ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒவ்வோர் ஏப்ரல் கடைசியிலும் அந்த வண்டி கறுப்புத் துணி போர்த்தி ஓசையில்லாமல் மறுபடி போகும், அது கடக்கும்போது கடிகாரங்கள் நின்றுவிடும் என்று கேங் ஆட்கள் சொல்வார்கள். நேரம் தவறினால் வேலை போகும் மனிதர்களுக்கு, கடிகாரம் நிற்பதைவிட வேறென்ன பயம் இருக்கப்போகிறது?

தூங்கும் பெட்டியில வேலை பார்த்தவங்களை எல்லாரையும் "ஜார்ஜ்"னு கூப்பிட்டாங்களாமே, இது ஜோக்கா?

கூப்பிட்டவர்களுக்கு ஜோக். ஜார்ஜ் புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் போர்ட்டர்கள் கறுப்பர்கள். அடிமையை எஜமான் பெயரால் அழைத்த வழக்கத்தின் மிச்சமாக, எல்லாருமே "ஜார்ஜ்". 1914-ல் ஜார்ஜ் டுலேனி என்ற பணக்கார வெள்ளையர், "போர்ட்டர்களை ஜார்ஜ் என்று அழைப்பதைத் தடுக்கும் சங்கம்" ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். போர்ட்டர்கள் மேல் இரக்கத்தால் இல்லை, தங்கள் பெயர் போர்ட்டருக்குப் போகிறதே என்ற கடுப்பில்.

போர்ட்டர்களின் நிஜமான சங்கம் 1925-ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தொடங்கியது. 1937-ல் புல்மன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

"ஆன் தி பால்"ங்கிறது ரயில்வே வாட்ச்சுல இருந்து வந்ததுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

வந்திருக்கும். "விழிப்பாக இருப்பது" என்ற பொருளில் இங்கே சொல்லும் தொடர் அது. 1891-ல் ஒஹாயோவின் கிப்டனில் இரண்டு வண்டிகள் மோதின. ஒரு எஞ்சினியரின் வாட்ச் நாலு நிமிஷம் நின்றுபோய் மறுபடி ஓடியதுதான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகு வெப் பால் என்ற நகைக்கடைக்காரர் ரயில் வாட்ச்களுக்குத் தரம் வகுத்தார்: வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் முன்னே பின்னே போகக் கூடாது. இதுவரை சரி. அந்தத் தொடர் அவர் பெயரிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று இல்லை. மக்காய், காண்டி விஷயங்களில் சொன்னதேதான்.

எல்லாரும் நாள் முழுக்க இப்படியேவா பேசினாங்க?

பேசியிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். 1930-களில் அரசின் எழுத்தாளர் திட்டத்தில் சேர்ந்தவர்கள் பழைய ரயில்காரர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார்கள். பத்திரிகைகளும் சொல் பட்டியல் கேட்டு வாங்கிப் போட்டன. கேட்கிறவர் ஆர்வமாக இருந்தால் சொல்கிறவருக்கும் குஷி வந்துவிடும் இல்லையா? ஒரே பொருளுக்கு இருபது பெயர் உள்ள பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வேலை நடக்கும்போது சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குட்டிச் சொற்கள்தான் நிஜமாகப் புழங்கியவை.

இன்னிக்கு எது மிச்சம்?

ஹைபால், ஹாக் லா, ஹாகர், டாக் கேச்சர், எல்லாம் இருக்கின்றன. வேலை பார்க்காமல் பயணியாக வேறிடத்துக்குப் போகும் ஆள் "டெட்ஹெட்". நம்மூர் ரயில்வேயில் இதை "ஸ்பேர்" என்பார்கள். விமானக்காரர்களும் இந்த டெட்ஹெட்டை எடுத்துக்கொண்டார்கள். டாலோபாட் மாதிரியானவை எங்களைப் போன்ற ஆட்கள் வாயில் மட்டும்தான்.

புதுசாகவும் பிறக்கின்றன. எஞ்சினைக் கண்டதும் கேமராவோடு ஓடும் ரசிகர்களை ரயில்காரர்கள் "ஃபோமர்" என்கிறார்கள், வாயில் நுரை தள்ளுகிறவன். எங்கள் அருங்காட்சியகத்துக்கு வரும் ஓய்வுபெற்ற பிரேக்மேன் ஒருவர் என்னை அறிமுகப்படுத்துவதே இந்தப் பெயரில்தான்.